தலை இல்லாத மறியல்

“இன்னாண்ணே இது? இம்மாம் பேரு நிக்கிறாங்க, ஒருத்தருக்கும் தலையக் காணோம்?”

ராஜாம்பாள் போட்டோவை மேசையில் போட்டாள்.

மணலூர்பேட்டை படிப்பகத்தில் ஊரின் பழைய படங்களைச் சேர்த்துப் பாதுகாத்து வருபவள் அவள்தான். ஆத்து வெள்ளம், முதல் பஸ் வந்த நாள், பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டது எல்லாம் வீடு வீடாகக் கேட்டு வாங்கியவை. இட ஒதுக்கீடு கேட்டு நாலு மாசத்துக்கு முன்னால், எண்பத்தேழு செப்டம்பரில் ஊரே ரோட்டில் உட்கார்ந்ததே, அந்த மறியல் படம் மட்டும்தான் பாக்கி. அதை எடுத்தவர் ஸ்டூடியோ இருசப்பன் ஒருத்தர்தான். நாளைக்கு, நாளன்னிக்கு என்று இழுத்தடித்து, இன்றைக்குத்தான் கொண்டுவந்தார்.

ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்த புளியமரம். அதன்மேல் வரிசையாகக் கைலிகள், கைகள், கோடாலிகள். கழுத்தோடு படம் முடிந்துவிட்டது.

“கேமராவ கொஞ்சம் கீழ புடிச்சிட்டேன் போல” என்றார் இருசப்பன், தலையைச் சொறிந்துகொண்டே.

“பேசற பேச்சா இது? நாளைக்கு நம்ம புள்ளைங்க வந்து யார் யாருன்னு கேட்டா கைலியக் காட்டவா? எந்தம்பி வீரமுத்து நடுவுல நின்னான். அவன் மூஞ்சியாவது வுழுந்திருக்கக் கூடாதா? நெகட்டிவ் இருக்கா?”

“கழுவறப்பவே கெட்டுப்போச்சும்மா.”

பேப்பர் படிக்க வந்த தங்கதுரை எட்டிப் பார்த்தார்.

“யோவ், எம்பொண்ணு கல்யாணத்துக்கு ஒன்னத்தான சொல்லி வெச்சேன்! தாலியப் புடிச்சிட்டு மாப்ள தலைய வுட்டுட்டா நான் இன்னா பண்றது? திருக்கோவிலூர்லயே ஆள் பாத்துக்கறேன் போ.”

படிப்பகமே சிரித்தது. இருசப்பன் கையோடு கொண்டுவந்த பெரிய படத்தைச் சுவரில் தானே ஆணி அடித்து மாட்டினார்.

“அதுக்குப் பதிலா இத்த வெச்சிக்க. ஆத்து வெள்ளப் படம், கண்ணாடி போட்டது. யாரும் கழட்டக் கூடாது, ஆமா.”

விஷயம் ஊருக்குள் பரவியது. தை மாதம் பூராவும் ஸ்டூடியோ ஈ ஓட்டியது.

மாசியில் ஒருநாள் படிப்பகத்து வாசலில் ஜீப் வந்து நின்றது.

“மறியல் போட்டோ இங்க இருக்காமே?” என்றார் எஸ்.ஐ. “மரம் வெட்டின கேஸ். ஆளுங்கள அடையாளம் பாக்கணும்.”

முந்தாநாள்தான் வீரமுத்துவுக்குக் கண்டக்டர் வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்திருந்தது. கேஸ் என்று ஒன்று விழுந்தால் வேலையாவது ஒண்ணாவது!

ராஜாம்பாள் படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

எஸ்.ஐ. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா, ஒரு தலைகூட இல்ல? அந்த ஆள் ஸ்டூடியோவையும் பொரட்டிப் பாத்துட்டுத்தான் வர்றேன். ஒரு மண்ணும் இல்ல. இவன்லாம் கேமராவத் தொடலாமா?”

படத்தை மேசையில் எறிந்தார். போகிற போக்கில் சுவரைப் பார்த்து, “இது நல்லா இருக்கே” என்று வெள்ளப் படத்தை மட்டும் மெச்சிவிட்டுப் போனார்.

ஜீப் சத்தம் தேய்ந்த பிறகுதான் ராஜாம்பாளுக்கு மூச்சே வந்தது. ஸ்டூடியோவுக்கு ஓடினாள்.

“அண்ணே, அன்னிக்கி ஒங்கள எம்மாம் பேச்சுப் பேசிட்டேன்! ஒங்க கை தவறுனதுதான் இன்னிக்கி எந்தம்பியக் காப்பாத்திச்சி.”

போலீஸ் கலைத்துப் போட்ட படங்களை அடுக்கிக்கொண்டிருந்த இருசப்பனுக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது.

“கை தவறிச்சா? யாரப் பாத்து சொல்ற? நெகட்டிவ்ல அத்தினி பேர் மூஞ்சியும் மீச மொதக்கொண்டு தெரியும். பிரிண்ட் போடறப்ப நாந்தான் கழுத்தோட நிறுத்தனேன்.”

“நெகட்டிவ் கெட்டுப்போச்சுன்னீங்களே?”

அவர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒன் வெள்ளப் படத்துக்குப் பின்னாடி பத்திரமா இருக்கு. கேஸெல்லாம் வாபஸ் ஆவட்டும், எல்லாருக்கும் தலைய வெச்சி பிரிண்ட் போட்டுத் தரேன். மொத பிரிண்ட் தங்கதுரைக்குத்தான். கோடாலியோட மரத்து மேல மொத ஆளா நின்னுகினு இருந்தது அவருதான?”