எலிசியோவின் ஸ்பானிஷ்

பெத்த மகள் தேர்தலில் நிற்கிறாள். அவளுக்காக மைக்கில் நாலு வார்த்தை ஸ்பானிஷில் பேசச் சொன்னால், அப்பன்காரன் முடியவே முடியாது என்கிறான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

எண்பத்திரண்டாம் வருஷம். டெக்சாஸில், ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ என்கிற இடத்தில் எங்கள் ஊர். இப்போது மாதிரி போனிலேயே வந்து விழுகிற பிரசாரமா அது? என்னுடைய ஓட்டை வண்டியின் தலையில் குழாய் ஒலிபெருக்கி கட்டி, தெருத் தெருவாக ஊர்ந்து போக வேண்டும். ஒரு தடவை இங்கிலீஷ், ஒரு தடவை ஸ்பானிஷ். சத்தம் கேட்டதும் பெண்கள் கையில் ஒட்டிய சோளமாவோடு வாசலுக்கு வந்து நிற்பார்கள். அதெல்லாம் ஒரு காலம், போங்கள்.

நெல்டா நின்றது பள்ளி வாரிய உறுப்பினர் பதவிக்கு. சின்ன வகுப்புக்கு டீச்சர் அவள். ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் மலங்க மலங்க விழிப்பதைத் தினமும் பார்க்கிறவள். முதல் இரண்டு வகுப்பையாவது இரண்டு மொழியிலும் நடத்த வேண்டும் என்றுதான் இறங்கினாள். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் நான். அதனால் வண்டியும் என்னுடையது, பெட்ரோலும் என்னுடையது.

எல்லாம் சரி. பெண்ணுக்கு ஸ்பானிஷ் வராது.

எழுதிக் கொடுத்ததைப் படிப்பாள். அதற்குள் நாக்கு இரண்டு தடவை தடுக்கும். கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பெயர்தான் மெக்சிகோ, பேச்சு வெள்ளைக்காரி என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்.

எதிரே நின்றவர் ஸ்டோவால். அசல் வெள்ளைக்காரர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், வடக்கே ஏதோ ஊரிலிருந்து வந்து இங்கே வீடு கட்டியவர். அவர் ஸ்பானிஷ் பேசினால் அப்படியே தேன் ஒழுகும். அப்பாவின் பண்ணையில் வேலை செய்த மெக்சிகோ ஆட்கள் தூக்கி வளர்த்த பிள்ளையாம். ரேடியோவில், “உங்கள் மொழி என் மொழி” என்று அவர் ஆரம்பித்தாலே எங்கள் ஜனம் உருகிவிடும். எனக்கே கொஞ்சம் உருகியது, பொய் சொல்வானேன்.

நெல்டாவுக்கு ஸ்பானிஷ் வராததற்குக் காரணம் அவள் அப்பன் எலிசியோதான். பருத்தி ஆலையில் மெக்கானிக். எங்களோடு சீட்டாடும்போது மணிக்கணக்கில் ஸ்பானிஷில் அரட்டை அடிப்பான். மகள் பக்கத்தில் வந்தால் போதும், தனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷுக்குத் தாவிவிடுவான். துரை என்றே அவனுக்குப் பட்டப்பெயர்.

நெல்டா ஒருநாள் என் வண்டியில் உட்கார்ந்து அழுதே விட்டாள். “அப்பாவுக்கு நம்ம ஜனங்கன்னாலே கேவலமா? ஒரு நாள், ஒரே ஒரு தடவை எனக்காகப் பேசினா என்ன குறைஞ்சு போயிடும்?” என்றாள். நான் நேரே போய் அவனைக் கிழி கிழியென்று கிழித்தேன். தலையைக் குனிந்துகொண்டு, இங்கிலீஷில் வேண்டுமானால் பேசுகிறேன் என்றான். உன் இங்கிலீஷைக் கேட்டால் கிடைக்கிற ஓட்டும் போய்விடும், சும்மா இரு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு பார்க்கில் விருந்து. அந்த நாளில் கட்சி வித்தியாசம் பார்க்காமல் ஊரே கூடும். ஒரு பக்கம் விறகு அடுப்பில் மாட்டிறைச்சி வேகும், ஒரு பக்கம் அக்கார்டியன், பீருக்குக் கணக்கே கிடையாது. இரண்டு வேட்பாளர்களும் அதே மைக்கில் பேச வேண்டும். நெல்டா திக்கித் திணறி முடித்துவிட்டு, வியர்வையோடு எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. தோற்றுவிட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்து ஸ்டோவால். ஜோக் அடித்தார், கைதட்டல் வாங்கினார். இந்த வயதுப் பிள்ளைகளை இரண்டு மொழியில் குழப்பக் கூடாது என்பதையும் தேன் ஒழுகும் ஸ்பானிஷிலேயே சொன்னார். அதோடு விட்டாரா? மைக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். எலிசியோவின் தோளில் கை போட்டார்.

“என்ன நண்பா, நம்ம மொழி பேச என்ன வெட்கம்? பொண்ணுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே?”

ஊரே சிரித்தது. நெல்டா தலையை நிமிர்த்தவில்லை.

எலிசியோ எழுந்தான். மைக்கை வாங்கினான். மகள் முன்னால் முதல் தடவையாக, நல்ல அழகான ஸ்பானிஷில் பேசினான்.

“வெட்கமெல்லாம் இல்ல சார். என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. வடக்கே, பருத்தி பறிக்கிறவங்க பசங்களுக்குன்னு ஒரு தனிப் பள்ளிக்கூடம் இருந்துச்சே, அங்க நீங்கதான் எங்க வாத்தியார்.”

ஸ்டோவாலின் கை தோளிலிருந்து நழுவியது.

“தாகமா இருக்கு, தண்ணி குடிக்கப் போகவான்னு கேட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே மொழியில கேட்டேன். அன்னிக்கு எனக்கு நடந்தது என் பொண்ணுக்கு நடக்கக் கூடாதுன்னுதான் ஒரு வார்த்தைகூட அவ காதுல விழாம வளர்த்தேன்.”

அக்கார்டியன் நின்றுவிட்டது. என் வயதுக்காரர்கள் பல பேர் தட்டைக் கீழே வைத்தார்கள்.

எலிசியோ மைக்கை மேசைமேல் வைத்தான். கிரீஸ் படிந்த இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவர் முன்னால் நீட்டினான்.

“இன்னிக்கும் ஸ்பானிஷ்லதான் பேசிட்டேன். எத்தனை அடி சார்?”