மொட்டை மாடியில் தலைவர்

“பதினாறுக்கு எட்டு ஃப்ளெக்ஸ் ஒண்ணு உங்கிட்ட கீதே தேவசகாயம், அத எடு. கார்ல போட்டுக்கினு போறேன்.”

ஒன்றியச் செயலாளர் செங்கல்வராயன் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டார். கோவளம் கிளைச் செயலாளர் தேவசகாயம் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எந்த ஃப்ளெக்ஸ்ணே?”

“இன்னா எந்த ஃப்ளெக்ஸு? போன மாசம் ஆர்ப்பாட்டத்துக்கு அடிச்சமே, ‘கூரை சோலாரா, கூட்டுக் கொள்ளையா’ன்னு. எல்லாக் கிளையும் திருப்பிக் குடுத்துட்டாங்க. உன்னோடதுதான் பாக்கி.”

“பழசாச்சேண்ணே. அது எதுக்கு உங்களுக்கு?”

“தலைவர் மூஞ்சி போட்டது. கண்ட எடத்துல கெடந்து மிதிபடக் கூடாது.”

மிதிபடவில்லை. அந்த நிமிஷம் தலைவர் இதே வீட்டு மொட்டை மாடியில் மல்லாந்து, வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடியில் நாலு சோலார் பலகைகள்.

எல்லாம் தேவசகாயத்தின் மனைவி சாராள் வேலை. ஓட்டல்களுக்கு தோசை மாவு அரைத்துக் கொடுப்பவள். கரண்ட் போய்ப் போய் வந்ததில் ரெண்டு நாள் மாவு வீணானதும், யாரையும் கேட்காமல் ஆளுங்கட்சியின் கூரை சோலார் திட்டத்துக்குத் தன் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டாள். தேவசகாயம் குதித்தபோது ஒரே வரிதான் சொன்னாள்: “மாவு எந்தக் கட்சின்னு பாத்துகினா பொங்குது?”

அன்றிலிருந்து கட்சிக்காரர்கள் வரும் நாளில் மட்டும் ஃப்ளெக்ஸ் மாடி ஏறி, நாலு செங்கல் பாரத்தில் பலகைகளை மூடும்.

இன்று மாட்டினால் எல்லாம் போச்சு. உள்ளாட்சி வேட்பாளர் பட்டியல் செங்கல்வராயனின் சட்டைப் பையில் இருந்தது. சாயந்திரம் தலைமைக்குப் போகிறது. இருபத்திரண்டு வருஷம் பசை வாளி தூக்கியதற்கு இந்த முறைதான் ஒரு வழி பிறந்திருக்கிறது. போன வாரம் திருவிடந்தை உலகநாதனின் மாடி சோலார் படம் வாட்ஸ்அப்பில் சுற்ற, அவர் பதவி போனது. நீக்கல் கடிதத்தை மேடையில் படித்தவர் இதே செங்கல்வராயன்.

“தேடி எடுத்தாரேண்ணே. மொதல்ல சாப்டுங்க.”

சாராள் வஞ்சிர மீன் குழம்பை ஊற்றினாள். சும்மா இருக்கவில்லை.

“ஏண்ணே, ஆறு வருஷம் முன்ன நீங்கதான சோலார் வேணும்னு கேளம்பாக்கத்துல உண்ணாவிரதம் இருந்தீங்க?”

“அது நாம கொண்டாரதா இருந்த சோலாரும்மா. இது அவங்க கொண்டாந்தது.”

“வெயிலு ஒண்ணுதானேண்ணே?”

“சாராளு, மோர் எடுத்தா,” என்றார் தேவசகாயம் பல்லைக் கடித்தபடி.

“எடுத்தாரேன். அணு உலைக்காரங்க இருக்கற அணுபுரத்துல கூட்டம் போட்டா அணு மின்சாரம் பெருமைன்றீங்க, கோவளத்துல போட்டா மீனுக்கு ஆபத்துன்றீங்க. நாங்க எதத்தான் நம்பறது?”

“எந்த ஊர்ல கேக்கறியோ அத நம்பு,” என்று செங்கல்வராயன் மீன் முள்ளை ஓரமாக வைத்தார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு டிவி பட்டென்று நின்றது. எதிர் வீட்டு மிக்ஸி நின்றது. தெருவே அடங்கியது. தேவசகாயத்தின் வீட்டில் மட்டும், நேற்றைய வெயிலில் நிரம்பிய சோலார் பேட்டரியில் ஃபேன் சுற்றியது. பின்கட்டில் கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டேயிருந்தது.

“கரண்டு போச்சுல்ல?”

“இன்வெர்ட்டர்ணே.”

“இன்வெர்ட்டர்ல கிரைண்டர் ஓடுதா?”

“பெரிய இன்வெர்ட்டர்ணே.”

செங்கல்வராயன் கை கழுவினார். மேலே பார்த்தார். “மாடியில போயி ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்.”

“வேணாம்ணே. படியெல்லாம் பாசி. வழுக்கும்.”

“மே மாசத்துல பாசியா? நீ இங்கயே இரு.”

படியேறும் செருப்புச் சத்தம். பிறகு மாடியில் ஃப்ளெக்ஸ் காற்றில் படபடக்கும் சத்தம். பிறகு அதுவும் நின்றுபோனது.

“போட்டோ எடுக்கறாரு. முடிஞ்சுது சாராளு.”

“சீட்டு போனா போவுது. வூட்டுக்காரி நான் வெச்சேன்னு சொல்லு. நீக்கணும்னா என்னைய நீக்கட்டும்.”

“நீ கட்சியிலயே இல்லயே.”

“அதான் தைரியமா கீறேன்.”

பத்து நிமிஷம் கழித்து செங்கல்வராயன் இறங்கி வந்தார். உள்ளங்கையெல்லாம் தூசி. வேட்டியில் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையிலிருந்து பட்டியலை எடுத்து, பேனாவைத் திறந்தார். தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டார்.

“கோவளம் வார்டு. வேட்பாளர், தேவசகாயம். இனிஷியல் இன்னா?”

கண்ணைத் திறந்தபோது தேவசகாயத்துக்குத் தன் இனிஷியல் நினைவுக்கு வரவில்லை. சாராள்தான் சொன்னாள். செங்கல்வராயன் பலகைகளைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. கர்த்தர் அவர் கண்ணை மறைத்துவிட்டார்.

தேவசகாயம் வாசல் வரை ஓடி, கார்க் கதவைத் திறந்துவிட்டார். செங்கல்வராயன் ஏறி உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

“நாலு செங்கல்ல வெச்சா கடல் காத்துக்கு நிக்குமாய்யா? ஒரு பக்கம் பிச்சுகினு பறக்குது. இழுத்துக் கட்டிட்டு வந்திருக்கேன். நாளைக்கு மணல் மூட்டை வை.”

வாசற்படியிலிருந்து சாராள் கேட்டாள்.

“அப்ப ஃப்ளெக்ஸு உங்களுக்கு வேணாமாண்ணே?”

“நீயே வெச்சுக்கம்மா,” என்றார் செங்கல்வராயன், கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே. “எங்க வூட்டு மாடியில இன்னும் ரெண்டு பலகதான் மூடாம கீது, பெட்ஷீட் போட்டுக்கறேன்.”