நான் எழுதாத வரி

சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே மாலை கம்ப்யூட்டர் வகுப்பு. நாளுக்கு ஒரு வரி என டைரியை டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுகிறேன். நேற்றோடு 180 வரிகள். ஒரு சொல்லைத் தேடி, அது உள்ள வரிகளை மட்டும் வரி எண்ணோடு காட்டச் செய்யும் வழியை இன்று சார் சொல்லிக்கொடுத்தார். டைரியில் ‘அஃபீஃபா’ என்று தேடினேன்.

அஃபீஃபா என் பக்கத்தில் உட்கார்ந்தவள். தேர்வில் காப்பியடித்ததாகச் சார் எல்லார் முன்னாலும் திட்டியதும் வகுப்பிலிருந்து நின்றுவிட்டாள். காப்பியடித்தது நான்.

அவள் பெயரை எழுதிய நான்கு வரிகள் வர வேண்டும். ஐந்து வந்தன. கடைசி வரியின் எண் 181: “அஃபீஃபா மேல் தப்பில்லை. நான்தான் பார்த்து எழுதினேன்.”

அதை நான் எழுதவில்லை. தேடலை நீக்கினால் டைரி 180-இல் முடிந்தது. தேடினால் 181 வந்தது. என் தவறாக இருக்குமோ என்று மூன்று முறை பார்த்தேன்.

“என்னங்க ரஞ்சனி, ஸ்கிரீனைக் கையால மூடிக்கிட்டு? லவ் லெட்டரா?” என்று சார் வந்தார். விரலிடுக்கில் பெயர் தெரிந்தது போலும். “அஃபீஃபாவா? அவங்க அத்தா நேத்துகூட வந்தாரு. எம்பொண்ணு செய்யலைங்கறாரு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“தெரியாதுங்க சார்.”

அவர் அடுத்த மேஜைக்குப் போனார். கையை எடுத்தேன். ஆறு வரிகள் இருந்தன.

182: “அஃபீஃபாவைப் பற்றிச் சார் கேட்டார். தெரியாது என்றேன்.”