யாப்பில் ஒரு வரி

“கலியாணம் கட்டி வந்தவ, எங்களுக்கே சட்டம் படிப்பிக்கிறாவோ?”

ஊர்ச் சங்கத் தலைவர் அம்பலவாணன் ஒலிவாங்கியைத் தட்டினார். சங்கத்தின் யாப்பை, அதன் சட்ட விதிகளைத் திருத்துவதற்கென்றே, ஊரை விட்டு வெளிநாடு வந்து குடியேறிய டூட்டிங்கில் மண்டபம் எடுத்துக் கூட்டிய கூட்டம் அது.

செயலாளர் மேனுஷா பைலை மடியில் வைத்தபடி இருந்தாள். ஊரில் ஒரு மகப்பேற்று மனை எழும்ப வேண்டும் என்று இரண்டு வருடமாய் ஓடித்திரிகிற பிள்ளை. தலைவருக்கோ ஊர் வாசலில் தன் பெயர் பொறித்த வளைவு வேண்டும்.

“மகப்பேற்று மனை என்னத்துக்கு? எங்கட அம்மாமார் மாட்டுவண்டியில ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெத்துக்கொண்டு வரேல்லையோ?” என்று கேட்டார் தலைவர்.

சபை சிரித்தது.

“இவ எங்கட ஊர்க் கிணத்துத் தண்ணியாவது குடிச்சுப் பார்த்தவவோ?” என்றார் பொருளாளர் பாலசுப்பிரமணியன். மேனுஷாவின் கணவன் கீர்த்தனன் தலையைக் குனிந்துகொண்டான்.

தலைவர் திருத்தத்தை வாசித்தார். “ஊரில் பிறந்தவருக்கு மட்டுமே வாக்குரிமை. இன்று முதல்.”

மேனுஷா எழுந்தாள். “பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் எண்டும் சேருங்கோ, மாமா. பிறகு கதை வரக்கூடாது.”

“சேர்ப்பம், சேர்ப்பம். உமக்குத்தானே கரைச்சல்.”

கைகள் உயர்ந்தன. மேனுஷாவின் கையும் உயர்ந்ததைப் பார்த்துச் சிலர் கெக்கலித்தார்கள். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை.

“இனி வளைவுக்கு வோட்டு. உரிமை இல்லாத ஆக்கள் வெளியால போகலாம்.” தலைவர் அவளைப் பார்த்தே சொன்னார்.

“சான்றிதழ் பார்க்கோணுமே, மாமா. சங்கத்தில சேரேக்க எல்லாரும் தந்த போட்டோக் கொப்பி இதுக்குள்ள இருக்கு.” பைலைத் திறந்தாள். “உங்கடது. பிறந்த இடம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி. பாலா மாமா, சாவகச்சேரி ஆஸ்பத்திரி. கீர்த்தனன், அதுவும் ஆஸ்பத்திரிதான்.”

முப்பத்திரண்டு பேரையும் வாசித்து முடித்தாள். ஒருவர் சான்றிதழிலும் ஊரின் பெயர் இல்லை.

“அப்ப ஊரில பிறந்த ஆள் ஒருத்தருமே இல்லையோ?” அம்பலவாணனின் குரல் இறங்கிவிட்டது.

மேனுஷா கடைசித் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“தொண்ணூற்றைஞ்சு சண்டை இடப்பெயர்வில, உங்கட ஊர்ப் பள்ளிக்கூட வாங்குப் பலகையில நான் பிறந்தனான், மாமா. அம்மாவுக்கு வண்டி கிடைக்கேல்லை.”