அட்டையைப் பற்றி நோரீனிடம் கேள்

மணி எட்டு நாற்பத்தெட்டு. ஒன்பதுக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நான் இன்னும் எந்தச் சங்கத்திலும் சேரவில்லை.

எங்கள் சைக்கிள் கிளப்பில் விதி ஒன்றுதான். மூன்று ஞாயிறு விருந்தாளியாக வரலாம். நான்காவது ஞாயிறும் வர வேண்டுமென்றால், நாடு முழுக்க இருக்கிற சைக்கிள் சங்கம் ஏதாவதொன்றில் உறுப்பினராகியிருக்க வேண்டும். அப்போதுதான் காப்பீடு. நாம் போய் யார் மீதாவது மோதினால், அவர்களுக்கு ஈடு கொடுக்கிற காப்பீடு. அது இல்லாதவர்கள் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

எனக்கு இன்று நான்காவது ஞாயிறு.

இன்றுதான் மூன்று கணவாய்ச் சவாரி. வருடத்துக்கு ஒரே முறை. இதற்காக யார்க்‌ஷரின் மார்ச் மழை முழுவதையும் என் சாக்ஸில் வாங்கியிருக்கிறேன்.

ஒரு வாரமாகப் படித்துப் படித்து மூன்று சங்கங்களில் வந்து நின்றிருந்தேன். நீல உறுப்பினர் அட்டை வாங்கினால் பந்தயத்தில் ஓட்டலாம். சிவப்பு அட்டைக்குக் கடைகளில் தள்ளுபடி. பச்சை அட்டைக்கு வக்கீல், பெரிய காப்பீடு, யாரும் பிரித்துப் பார்க்காத ஒரு பத்திரிகை. என் போனில் மூன்று படிவங்களும் பாதி பாதி நிரம்பிக் கிடந்தன.

நோரீனின் டீக்கடையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஓய்வு பெற்ற பிளம்பர் கிளைவ், தள்ளுபடியில் வாங்கிய கையுறையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். சிவப்புதான் என்றார். பந்தயக்கார ராஸ், நீலத்தை நான் தொடவே வேண்டாம் என்றான். என் வேகத்துக்கு அது, கடைசியாக வருவதற்குக் கட்டணம் கட்டுவது மாதிரியாம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். லின்ஸி எந்த அட்டை வைத்திருக்கிறாளோ, அது.

லின்ஸிதான் எங்கள் சவாரித் தலைவி. வாரநாட்களில் தபால்காரி. மற்ற கிளப்புகளின் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன், எத்தனை பேர் வருகிறார்கள் என்று நிமிடத்துக்கொரு தரம் பின்னால் திரும்பி எண்ணுவார்கள். லின்ஸி திரும்பவே மாட்டாள். ஒவ்வொரு முனை தாண்டியதும் கடைசி ஆள் மணியடித்து, எல்லோரும் இருக்கிறோம் என்று கத்த வேண்டும். அந்தச் சொல் வாய் வாயாகக் கடந்து அவளிடம் போகும். அந்தக் கழுத்து அசையாது. முதுகாலேயே எண்ணுகிறாள் என்று வீட்டில் எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன். அந்தக் கழுத்தைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கூடப் பார்த்தேன்.

இன்னொன்று. கடைக்குள் வந்தால் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் எல்லோருடைய டீயையும் தானே சுமந்து வருவாள். நோரீனை ஒரு தட்டு தூக்க விடமாட்டாள். தபால்காரிக்கு ஞாயிற்றுக்கிழமையும் பட்டுவாடாவா என்று கிளைவ் வாராவாரம் கேட்பார். வாராவாரம் சிரிப்போம்.

இரண்டு கையிலும் டீப்பாத்திரத்தோடு வந்தவளை மறித்து, அவள் வைத்திருப்பது எந்த அட்டை, ஏன் என்று கேட்டேன்.

"என்னக் கேக்காத. நோரீனக் கேளு."

கிளைவ் கையுறையை மடித்துப் பைக்குள் வைத்தார். ராஸ் ஜன்னல் வழியாகத் தன் டயரைப் பார்த்தான்.

தட்டிக்கழிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நோரீன் சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததே இல்லை. எங்களை இறுக்க டவுசர் கும்பல் என்றுதான் கூப்பிடுவார். ஆனால் மணி எட்டு ஐம்பத்து மூன்று. ஓடினேன்.

மூன்று படிவங்களையும் காட்டினேன். நோரீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பச்சையின் மேல் விரலை வைத்தார். பதினோரே வாரத்தில் ஈட்டுப் பணம் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார்களாம். கைக்கும், கடையை மூடி வைத்த நாட்களுக்கும்.

யார் கைக்கு என்று கேட்டேன்.

வலது கையைத் தூக்கிக் காட்டினார். தோள் உயரம் வரை வந்தது. அதற்கு மேல் போகவில்லை.

"நாலு வருசம் ஆச்சு கண்ணு, இதே வாசல்தான். பின்னாடி எத்தன பேர் வராங்கன்னு லின்ஸி திரும்பி எண்ணிக்கிட்டே வர்றா, முன்னாடி நான் குப்பத்தொட்டியத் தள்ளிக்கிட்டு நிக்கிறேன், வந்து மோதிட்டா. அந்த அட்டைக்குப் பின்னாடி, என்ன நடந்தாலும் தப்ப ஒத்துக்காதேன்னு அச்சடிச்சிருக்காம். இவ என்னடான்னா ரோட்டுல எம் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, ஆம்புலன்ஸ்காரன், போலீஸ்காரன், நாயக் கூட்டிட்டுப் போறவன் எல்லார்கிட்டயும் என் தப்புதான், என் தப்புதான்னா. வலியோட வலியா, கொஞ்சம் வாய மூடுடின்னு நான் சொல்ல வேண்டியதாப் போச்சு."

எனக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, மேஜையில் மிச்சமிருந்த தட்டை எடுத்துக்கொண்டு போனது.

பச்சையை அழுத்தினேன். படிவத்தின் கடைசிக் கட்டம், உங்களுக்கு எங்களைப் பரிந்துரைத்த உறுப்பினர் யார் என்று கேட்டது. நோரீன் என்று அடித்தேன். உறுப்பினர் எண்ணைக் காலியாக விட்டேன். ஏற்றுக்கொண்டது.

ஒன்பதுக்குக் கிளம்பினோம். வரிசையில் கடைசி இடத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் முனை தாண்டியதும் மணியை அடித்து, தொண்டை கிழியக் கத்தினேன், எல்லோரும் இருக்கிறோம் என்று.

முன்னால் அந்தக் கழுத்து அசையவில்லை.