பரவாயில்லை

அந்தப் பம்புத் தொழிற்சாலை முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. செய்து முடித்த பம்பைக் கையிலெடுத்துச் சோதிப்பார்; குறையில்லாததைப் பேசாமல் கீழே வைத்துவிடுவார். ‘பரவாயில்லை’ என்றாரானால், அது உருக்கும் உலைக்குப் போய்விடும். உலக வணிகர்கள் கூடும் நகரத்திலிருந்து சுமாரான சரக்கு வெளியேறக் கூடாது என்பது அவர் கட்டளை.

சர்வதேசக் கண்காட்சி தொடங்கும் நாளன்று, புதிய தொழில்முனைவோர் வரிசையில் ஓர் அரங்கு காலியாகக் கிடந்தது.

“யாருய்யா அது, கடைசி நேரத்துல பயந்து ஓடினது?” என்று சிரித்தார் முதலாளி.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “நம்ம பாப்பாதாங்க. தனியா தொழில் தொடங்கி, செஞ்ச பம்பை உங்ககிட்ட காட்டுச்சாமே? நீங்க பரவாயில்லைன்னீங்களாம். நம்ம வழக்கப்படி மொத்தத்தையும் உலையில போட்டுருச்சு.”

மகளின் கைத்திறனில் பூரித்துப்போய், வேறு சொல் வராமல், ஒரு தகப்பனாக அவர் சொன்ன வார்த்தை அது.

அவள் காட்டிய அந்த ஒரு பம்பு மட்டும் அவருடைய மேசைமேல் மிஞ்சியிருந்தது. தம் அரங்கிலிருந்த சரக்கையெல்லாம் இறக்கிவிட்டு, அதை நடுவில் வைத்தார். மகளைக் கையோடு அழைத்துவந்தார்.

முதலில் வந்த வெளிநாட்டு வியாபாரியிடம், “இது என் பொண்ணு செஞ்சது. இவ்வளவு நல்லா எனக்குச் செய்ய வராதுங்க” என்றார். மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் அவருக்குத் துணிவில்லை.