கண்ணாடி சொன்ன வலி

பித்தப்பைக் கல்லை எடுக்க ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வதற்கு, ஆஸ்பத்திரி வீட்டில் மாட்டிவைத்த கண்ணாடி நோயாளியின் முகத்தைப் பார்த்து வலி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வேதவல்லிக்கு வலது விலாவின் கீழ் வலி கொன்றெடுத்தது, காய்ச்சலும் வந்துவிட்டது. கண்ணாடியோ ‘வலி இல்லை’ என்றே காட்டியது. பிரசவ வலியோடு விருந்தாளிகளுக்குக் காபி கொடுத்தவள் அவள். உதடுகள் தாமாகவே புன்னகைத்தன.

“சிரிக்காதே வல்லி, கெஞ்சிக் கேக்குறேன்,” என்றார் கணவர் சபேசன்.

“சிரிக்கலைங்க. என் மூஞ்சியே இப்படித்தான் ஆயிடுச்சு.”

“இங்க பாரு, இப்படி வச்சுக்க,” என்று முகத்தைச் சுளித்துக் காட்டியவர், பயத்தில் நிஜமாகவே அழுதுவிட்டார்.

‘தாங்க முடியாத வலி. சபேசனுக்கு ஆம்புலன்ஸ் வருகிறது,’ என்றது கண்ணாடி.

சுருண்டு கிடந்த வேதவல்லி சுவரைப் பிடித்து எழுந்தாள். “உங்களுக்கு எங்கங்க வலிக்குது?” என்று கேட்டாள்.